பிடிபடாதவனுக்குச் சான்று ஏது?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் தொடங்கி, சிதம்பரம் கீழவீதியில் முடித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கூட்டம் முடிந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒலிபெருக்கி ஓய்ந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் முழங்கிய களைப்போடு, கையில் ஒரு சோடாவைப் பிடித்தபடி மேடையின் பின்புறம் நின்றிருந்தேன். எண்பதை எட்டிப் பிடிக்கும் வயதுப் பெரியவர் ஒருவர், தடியை ஊன்றியபடி அருகே வந்தார்.

"தம்பி! விடுதலைக்கு உழைத்தவர்கள் பெயரை எல்லாம் வரிசையாக அடுக்கினீர்கள். என் தகப்பனார் பெயரை விட்டுவிட்டீர்களே!" என்றார்.

"ஐயா, தங்கள் தந்தையார் யாரென்று நான் அறியேனே" என்றேன்.

"யாரும் அறியக்கூடாது என்பதுதானே தம்பி அவருடைய வேலை!" என்றார் பெரியவர்.

சோடா கையிலேயே இருந்தது, தோழரே! குடிக்க மனம் வரவில்லை.

கடலூர் முதுநகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவராம் அந்தத் தந்தை. வயிற்றுப்பாட்டுக்காகக் கப்பலேறி மலாயா சென்றார். இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். போர் வந்தது, வெள்ளைத் துரை ஓடினான், ஜப்பானியன் வந்தான். இந்திய தேசிய இராணுவத்திலே சேர்ந்தார். துப்பாக்கி தூக்கும் வரிசையில் அல்ல. பர்மா எல்லைக்கு அனுப்பப்பட்டார். கூலியாள் வேடத்திலே பகைவர் முகாமுக்குள் நுழைந்து, எத்தனை லாரி, எத்தனை கூடாரம், எந்தப் பக்கம் பீரங்கி என்று பார்த்து வந்து சொல்வது அவர் வேலை. எழுதக்கூடாது, எழுதினால் உயிர் போகும். எல்லாம் நெஞ்சிலே எழுதி, நாவிலே சுமந்து வந்தார். போர் முடிந்து ஊர் திரும்பினார். ஏர் பிடித்தார். யாரிடமும் எதுவும் பேசவில்லை.

1972-ஆம் ஆண்டு, விடுதலையின் வெள்ளி விழா. போராடியவர்களுக்கு ஓய்வூதியம் என்று மைய அரசு அறிவித்தது. அக்கம்பக்கத்தார் தூண்டியதால் அவரும் ஒரு மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்தின் படியேறினார். மேசைக்கு அப்பால் இருந்தவர் கேட்டாராம்: "எந்தச் சிறையில் இருந்தீர்? எத்தனை மாதம்? சான்று எங்கே?"

"நான் சிறைக்குப் போகவில்லை ஐயா. பிடிபட்டால்தானே சிறை? நான் பிடிபடவில்லையே!"

மேசைக்காரர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியவர், மனுவை அடுப்பிலே போட்டுவிட்டார். பிறகு சாகும் வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை, மேடையிலே, அந்தப் பெயரைச் சொன்னால் போதும் தம்பி" என்று கேட்டார் மகன். என்ன விடை கூறுவது? உண்மையா என்று எப்படி அறிவேன்? பொய் என்று எப்படித் தள்ளுவேன்? அடுத்த வாரம் சிதம்பரத்தில் பேசுகிறேன், அதற்குள் எண்ணிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வார எண்ணத்தைத்தான் உம் முன் வைக்கிறேன்.

ஒற்றன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் முகம் சுளிக்கிறது. ஏன்? கடலூர்க்காரர்களுக்குக் காரணம் சொல்லித் தரவேண்டியதில்லை. கெடிலத்தைக் கடந்து வடக்கே நடந்தால் அன்று பிரெஞ்சுக்காரன் ஆட்சி, புதுச்சேரி. 1908-இல் அங்கே அடைக்கலம் புகுந்தார் பாரதியார். 1910-இல் அரவிந்தர் வந்தார். இலண்டனிலிருந்து சீக்கியர் வேடத்தில் தப்பி வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்தார். அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு எதிரே, கடற்கரையிலே, கடைத்தெருவிலே, எங்கும் வெள்ளை அரசின் சி.ஐ.டி. கண்கள்! பத்தாண்டுகள் கழித்து, 1918 நவம்பரில், எல்லையைத் தாண்டிய பாரதியாரைக் கைது செய்து இதே கடலூரில்தான் அடைத்தார்கள். காட்டிக் கொடுத்தவனுக்குச் சம்பளம். உளவு சொன்னவனுக்கு உயர்பதவி. மேலிருந்தவர்களுக்கு ராவ் சாகிப், ராவ் பகதூர்! அவன் எழுதிய அறிக்கைகளோ கோப்பிலே பத்திரமாக இருக்கின்றன. பாரதியார் அன்று யாருடன் பேசினார், எந்த வீட்டுக்குப் போனார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்று அந்த ஒற்றனின் கையெழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்!

என்ன கொடுமை பாருங்கள். அடிமைப்படுத்தியவனின் ஒற்றனுக்கு ஆவணம் இருக்கிறது. விடுதலை கேட்டவனின் ஒற்றனுக்கு அடுப்புச் சாம்பல்தான் மிச்சம்.

நான் நாடகம் எழுதுபவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகத்தில் ஒற்றனைக் கதைத்தலைவனாக வைத்தேன். அவன் பகைவர் பாசறைக்குள் பாய்வேடம் சுமந்து நுழையும் காட்சி. கைதட்டல் கிளம்பும் என்று திரைக்குப் பின்னால் காத்திருந்தேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "டேய், போலீஸ்காரன் வர்றான்டா!" ஒரே சிரிப்பு. நடித்த நண்பர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

ஆனால் மாறுவேடம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. கடலூர் அஞ்சலையம்மாளைக் காந்தியார் சந்திக்கக்கூடாது என்று வெள்ளை அதிகாரம் தடுத்தபோது, பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து அவரைக் கண்டார் என்று ஊர் இன்றும் சொல்கிறது. அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வேடம் ஒன்றுதான், யாருக்காக என்பதில்தான் வேறுபாடு.

வள்ளுவரைப் பாருங்கள். ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஒற்றையும் நூலையும் ஆட்சியின் இரண்டு கண்களாகக் கொண்டார். பிடித்துத் துன்புறுத்தினாலும் உண்மையைக் கக்காதவனே ஒற்றன் என்றார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் இருக்கிறதே, 590-ஆம் குறள், அதுதான் என்னை ஒரு வாரம் உறங்கவிடவில்லை. ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால் மறைவாக இருக்கவேண்டியதை நீயே வெளிப்படுத்தியவன் ஆவாய் என்கிறார். போர்வீரனுக்கு நடுகல் உண்டு. புலவனுக்குப் பரிசில் உண்டு. ஒற்றனுக்கோ சிறப்பே கூடாது! அப்படியானால் அந்த முதியவர் கேட்டது வள்ளுவருக்கு மாறானதா?

விடையைத் தேடிப் பினாங்குக்குப் போவோம்.

1942. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்திய விடுதலைச் சங்கம் கிளைவிட்ட காலம். பினாங்கிலே சுயராச்சிய நிலையம் என்ற பயிற்சிக்கூடம். பொறுப்பாளர் பாரிஸ்டர் என். ராகவன். இளைஞர்கள் அங்கே பயின்றது செய்தி சேகரிக்க, மறைந்து வாழ, மக்களிடையே கலக. அவ்வாண்டு செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் சிலர் புறப்பட்டார்கள். ஒரு குழு மலபாரின் தானூர்க் கரையில் இறங்கியது. இன்னொன்று கத்தியவார்க் கரையில். வேறு சிலர் பர்மா வழியே தரைமார்க்கமாக வந்தார்கள். நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் நாட்கணக்கில் கிடந்து, இருளிலே சிறு படகில் துடுப்புப் போட்டு, பிறந்த மண்ணிலே கால் வைத்தவர்கள், விரைவிலேயே பிடிபட்டார்கள். நாடோ அப்போது 'வெள்ளையனே வெளியேறு' என்று கொந்தளித்துக்கொண்டிருந்தது. தலைவர்கள் சிறையில். கரையேறியவர்களைக் கட்டித் தழுவ ஆளில்லை.

பலர் இவர்களை நேதாஜியின் ஒற்றர்கள் என்றே எழுதுகிறார்கள். சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் தலைமை ஏற்றது 1943 ஜூலையில். அவர் வருவதற்குப் பத்து மாதம் முன்பே இவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். பெரிய தலைவரின் பெயர் ஒளிகூட இவர்களுக்குத் துணையாக இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். ஜப்பான் நமக்குத் தருமவானாக வரவில்லை. சயாம் மரண இரயில் பாதையிலே பல்லாயிரம் தமிழ்க் கூலிகளைப் பலிகொண்டது அதே ஜப்பான்தான். பினாங்குப் பயிற்சி மாணவர் சிலரை, ராகவனைக் கேளாமலே, அவர்கள் அள்ளி அனுப்பினார்கள். அவர் கண்டித்தார், பயிற்சிக்கூடத்தை மூடினார், வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். ஒரு பேரரசின் கழுத்துப் பிடியிலிருந்து விடுபட இன்னொரு பேரரசின் கப்பலில் ஏறவேண்டிய நிலை! அந்தக் கப்பலில் ஏறிய இளைஞனுக்கு இது தெரியாது என்று எண்ணாதீர்கள். தெரிந்தும் ஏறினான்.

வெள்ளை அரசு 1943 தொடக்கத்தில் பகைவர் ஏவலர் அவசரச் சட்டம் என்று ஒன்று பிறப்பித்தது. சென்னையில் வழக்கு. கதவுகள் மூடப்பட்டன. ஐவருக்குத் தூக்கு என்று தீர்ப்பு. போனிபேஸ் பெரேராவின் தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. மற்ற நால்வர் — திருவிதாங்கூர் வக்கத்தில் பிறந்த அப்துல் காதர், அவருடன் வந்த அனந்தன், வங்காளத்துச் சத்தியேந்திர சந்திர பர்தன், பஞ்சாபின் பௌஜா சிங் — 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு வயது இருபத்தாறு. தூக்கின் முன்னிரவில் தந்தைக்கு மடல் எழுதினார். இந்து ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் சேர்ந்தே மேடையேற வேண்டும் என்று அவர் கேட்டார், அவ்வாறே அனந்தனும் அவரும் ஒன்றாகத் தொங்கினர் என்று சொல்வார்கள்.

ஓர் இசுலாமியர், ஓர் இந்து, ஒரு வங்காளி, ஒரு சீக்கியர். தூக்குமேடை தமிழ்நாட்டிலே! ஆனால் எத்தனை தமிழர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? அந்தச் சிறையே இன்று இல்லை. 2006-இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள், 2009-இல் இடித்தார்கள், மருத்துவக் கல்லூரிக்குக் கட்டடம் எழுந்தது. நோய் தீர்க்கும் இடமானது நல்லதே. அங்கே போகும் ஆயிரம் பேருக்கு, காலடியில் எந்த மண் என்பது மட்டும் தெரியாது.

இரண்டாண்டு தள்ளிப் பாருங்கள். 1945 நவம்பர், டில்லிச் செங்கோட்டை. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு. பூலாபாய் தேசாய் வாதாடினார். நேரு பல்லாண்டுகளுக்குப் பின் வழக்கறிஞர் அங்கி பூண்டார். நாடே தெருவுக்கு வந்தது. தண்டனை நிற்கவில்லை, மூவரும் வெளியே வந்தனர். அது நியாயம், மகிழ்ச்சி. ஆனால் சென்னைச் சிறையில் தொங்கியவர்களுக்கு எந்தத் தெருவில் யார் முழங்கினார்? முழங்க முடியாது, கதவு சாத்திய வழக்கின் செய்தியை வெளியே சொல்வதே குற்றம். சீருடை அணிந்தவன் பிடிபட்டால் போர்க்கைதி. அணியாதவன் பிடிபட்டால் தூக்கு. ஒரே விடுதலைதான், ஒரு காக்கிச் சட்டை குறைந்ததற்கு இத்தனை விலை!

பரங்கிப்பேட்டையை அறிவீர்கள், சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர். 1781-இல் ஐதர் அலி ஆங்கிலத் தளபதி கூட்டோடு மோதிய களம் அது. அந்த ஐதரின் மகன் திப்பு. திப்புவின் வழிவந்த பெண் நூர் இனாயத் கான். அவரும் ஒற்றர். யாருக்கு? ஆங்கிலேயருக்கு! 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் இரகசியமாக இறங்கி, வானொலிக் கருவியில் செய்தி அனுப்பினார். பிடிபட்டார், சித்திரவதைக்கும் வாய் திறக்கவில்லை, 1944 செப்டம்பர் 13-ஆம் நாள் டாக்கோ முகாமில் கொல்லப்பட்டார். 1949-இல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கியது. 2012-இல் இலண்டன் கார்டன் சதுக்கத்தில் சிலை வைத்தது. வைக்கட்டும்! அவர் வீரத்துக்கு என் தலையும் தாழ்கிறது. ஆனால் கணக்குப் பாருங்கள், தோழரே. அன்னியன் பிடித்த நாட்டுக்குள் மறைந்து இறங்கிச் செய்தி திரட்டினார் நூர். அன்னியன் பிடித்த நாட்டுக்குள் மறைந்து இறங்கிச் செய்தி திரட்ட வந்தார் காதர். இருவர் சாவுக்கும் இடையே ஓராண்டும் மூன்று நாளும். ஒருவரை வீராங்கனை என்ற அதே அரசு, மற்றவரைப் பகைவனின் கைக்கூலி என்று கயிற்றில் மாட்டியது.

அவன் தன் ஒற்றரை மறக்கவில்லை. மறந்தவர் நாம். 1998-இல் ஓர் அஞ்சல்தலை வெளியிட்டோம், ஒட்டினோம், முத்திரை குத்தினோம்.

ஆயினும், பிடிபட்ட நால்வருக்கு ஒன்று கிடைத்தது: பகைவன் எழுதிய தீர்ப்பு. தூக்குக் கயிறே அவர்களுக்குச் சான்றானது. பிடிபடாதவனுக்கு? தன் தொழிலில் வென்றவனுக்கு? ஓய்வூதிய விதியைப் படித்துப் பார்த்தேன். ஆறு மாதச் சிறைக்குச் சான்று வேண்டும். தலைமறைவாக இருந்தவன் என்றால், தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்திருக்க வேண்டும், அல்லது தலைக்குப் பரிசு கூறியிருக்க வேண்டும், அல்லது பிடி ஆணையாவது பிறந்திருக்க வேண்டும். அதாவது, வெள்ளைக்காரன் உன்னை அறிந்திருந்தால்தான் உன் நாடு உன்னை அறியும்! எவனைப் பகைவன் கடைசிவரை அறியவே இல்லையோ, அந்தக் கைதேர்ந்தவனுக்கு இடமில்லை. விதி எழுதியவர்களைப் பழிக்கவில்லை. பொய்யர் புகுந்துவிடுவர் என்ற அச்சம் அவர்களுக்கு, புகுந்தும் இருக்கிறார்கள். ஆனால் பொய்யனைத் தடுக்கப் போட்ட வேலி, மெய்யனின் வாசலிலேயே நிற்கிறதே!

சரசுவதி ராஜாமணி அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1927-இல் இரங்கூனில் பிறந்த தமிழ்ப் பெண். பதின்ம வயதிலேயே தேசிய இராணுவத்தின் உளவுப் பணியில் சேர்ந்ததாகவும், தலைமுடியை வெட்டி ஆண்பிள்ளை வேடத்தில் வெள்ளையர் முகாமில் எடுபிடி வேலை செய்ததாகவும், பிடிபட்ட தோழியை மீட்டுத் தப்பும்போது காலிலே குண்டு பாய்ந்ததாகவும் அவரே சொன்னார். செல்வக் குடும்பம், எல்லாம் போயிற்று. சென்னையில் ஒரு சின்னஞ்சிறு வாடகை வீட்டில் முதுமையைக் கழித்தார். 2005-இல்தான் தமிழக அரசு ஐந்து இலட்ச ரூபாயும் ஒரு வீடும் வழங்கியது. 2018 சனவரியில் மறைந்தார். அவர் சொன்னதற்கெல்லாம் ஏட்டுச் சான்று உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம், வரலாறு கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் தாளை எரிப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் தாள் எங்கே என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுவது வரலாறு அன்று, சோம்பல்.

வேறு என்ன கேட்பது? மறுபடி வள்ளுவரிடம் போனேன். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால் நம்பு என்கிறார். இதைவிடத் தெளிவான வழி எந்த அலுவலகத்துக்கு வேண்டும்? கடலூர் முதுநகரில் ஒரு மகன் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். மலேசியாவில் அதே தோட்டத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளிடம் கேளுங்கள். பர்மா முனையில் உளவு பார்த்த பகதூர் குழுவைப் பற்றி எஞ்சியுள்ள ஏடுகளோடு ஒப்பிடுங்கள். ஊர்ப் பெயரும் ஆற்றின் பெயரும் அதிகாரியின் பெயரும் மூன்றிடத்திலும் ஒத்துவருகின்றனவா? வந்தால் எழுதுங்கள். வராவிட்டால், வரவில்லை என்றும் எழுதுங்கள். நேதாஜி பற்றிய நூறு கோப்புகளை 2016-இல் விழா எடுத்துத் திறந்தார்கள். அவர் பின்னே நடந்தவர்களின் கதை அடங்கிய கோப்புகள் முதியோர் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கின்றன. நாளுக்கொன்றாகச் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அண்ணாமலை நகரில் வரலாறு பயிலும் மாணவர்களே! படிப்பைப் பாதியில் விட்டவன் கேட்கிறேன்: ஒரு கோடை விடுமுறை போதும் உங்களுக்கு.

590-ஆம் குறளுக்கும் எனக்குத் தோன்றிய விடையைச் சொல்லிவிடுகிறேன். மறை இருக்கும் வரைதான் அந்தத் தடை. காக்கவேண்டிய இரகசியம் 1947-இலேயே காலாவதி ஆகிவிட்டது. பகைவனும் போனான், பாசறையும் போயிற்று. இனியும் வாய்மூடி இருப்பது இரகசியம் காப்பது ஆகாது. சிங்கப்பூர்க் கடற்கரையிலே, தேசிய இராணுவத்தின் பெயர் தெரியாத வீரருக்கென்று 1945 ஜூலையில் போஸ் கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த வெள்ளையர், அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தனர். 1995-இல் சிங்கப்பூர் அரசு அந்த இடத்தில் அடையாளப் பலகை வைத்தது. அவர்கள் வைத்துவிட்டார்கள்.

சிதம்பரம் கீழவீதியில் இதையெல்லாம் பேசினேன். பேச்சுக்கு முன்பே அந்தப் பெரியவர் வந்திருந்தார்; பேருந்தில் தனியாக வந்தாராம். அவர் சொன்ன கதையை மூவர் சொல்லோடு ஒப்பிட எனக்கு வாய்ப்பில்லை. அதை மேடையிலேயே சொன்னேன். ஒருவர் சொல்தான் இது, மற்ற இருவரைத் தேடவேண்டியது நம் கடன் என்றேன். பிறகு அந்தப் பெயரைச் சொன்னேன். ஊர்ப் பெயரோடு, தகப்பன் பெயரோடு, இரண்டு தடவை.

இறங்கியதும் அவரிடம், "ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலும் அச்சிட்டுவிடுகிறேன் ஐயா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. காதிலே கேட்டேன், போதும். தாளிலே எழுதினால் அப்பாவுக்குப் பிடிக்காது."

ஆகவே இங்கே எழுதவில்லை. கீழவீதியில் அன்று இருந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.